பின் இடது சில்லு

இணுவில்
7.1.2024

மச்சான் முத்துக்குமாருவுக்கு,

ஒன்பது மாதமாக நாம் இருவரும் பேசவில்லை. இணுவிலுக்கும் அச்சுவேலிக்கும் இடையில் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல் இல்லை, அதற்குள் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுவது விசர் வேலை என்று என் தங்கை இராசமலர் சொல்வாள். சொல்லட்டும். நேரில் வந்தால் நீர் கத்துவீர், நானும் கத்துவேன். கடிதம் என்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுக்கத்தான் வேண்டும்.

நேற்று உமது மகள் நிவேதனா இங்கே வந்தாள். புதுவருட லீவு முடிந்து நுவரெலியாவுக்கு, தன் நில அளவை வேலைக்குத் திரும்பும் வழியில் வந்தவள். முறிந்த கை பொருந்திவிட்டது. மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டினாள். பிறகு சொன்னாள்:

“மாமா, வாற சித்திரையிலை திரும்ப மலையேற்றக் கார்ப் பந்தயம் ஓடப்போறன். அதே காரிலைதான். நீங்கள் பாத்துத் தராட்டில் அங்கை நுவரெலியாப் பக்கம் ஆரிட்டையெண்டாலும் குடுப்பன்.”

“கொப்பர் கார்த் திறப்புத் தரவேணுமே.”

“அது உங்கடை ரெண்டு பேற்றை பாடு.”

சென்ற சித்திரையில் நடந்ததை நீர் உமது பாட்டில் சொல்லித் திரிகிறீர். நான் நடந்தபடி எழுதுகிறேன். அவள் மூன்று வருடம் பாடுபட்டு வாங்கிய அந்தப் பழைய மஸ்டா, இரண்டே இருக்கை உள்ள பந்தயக் கார், என்னிடம் வந்தபோது முடக்கில் திரும்பினால் ஒரு பக்கம் படுத்தது. பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் கட்டையான, இறுக்கமான ஸ்பிரிங்குகள் போட்டேன். உயரம் மாற்றக்கூடிய சொக் அப்சோபர்கள் போட்டேன். றபர் புஷ் எல்லாம் புதிது. கார் சாயாமல் பிடிக்கிற குறுக்குத் தண்டையும் மொத்தமானதாக மாற்றினேன். கடைசியாக நான்கு சில்லுகளுக்கும் கீழே நான்கு தராசு வைத்து, எந்தச் சில்லில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று நிறுத்து, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையங்களைத் திருகிச் சரிசெய்தேன். எனக்கு இதைச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. யப்பான் புத்தகத்தில் எழுத்தை விட்டுவிட்டுப் படங்களைப் பார்த்து, இருபது வருடம் பிழைவிட்டுப் பிழைவிட்டுப் படித்தேன்.

ஓட்டத்தில் ஏழாவது முடக்கில் கார் சுழன்று மண்மேட்டில் அடித்தது. பிள்ளையின் கை முறிந்தது. ஆஸ்பத்திரி விறாந்தையில் எட்டுப் பேர் நிற்க நீர் சொன்னீர்: “ஒரு சேட்டிபிக்கற் இல்லாத பட்டறைக்காரன்ரை கையிலை பிள்ளையைக் குடுத்தது என்ரை பிழை.” அந்த எட்டுப் பேரின் பெயரும் எனக்குத் தெரியும்.

கார் இன்னமும் உமது வெங்காய ஸ்ரோரில் சாக்குப் போர்த்தபடி நிற்கிறதாம். அதை எனக்கு அனுப்பும். அவள் ஓடத்தான் போகிறாள். முன்பின் தெரியாத ஒருவன் பார்த்த காரில் ஓடப்போகிறாளா, நான் பார்த்த காரில் ஓடப்போகிறாளா என்பதுதான் கேள்வி.

சீவரத்தினம்


அச்சுவேலி
12.1.2024

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் லொறி ஏற்றுகிற நேரத்தில் வந்தது. மூட்டையின் மேல் வைத்து வாசித்தேன். பொங்கல் நேரம், கனக்க எழுத நேரமில்லை.

நீங்கள் அந்த எட்டுப் பேரை நினைவில் வைத்திருக்கிறீர்கள். நான் வைத்திருப்பது வேறு. இரவல் போனில் யாரோ சிங்களத்தில் என்னவோ சொல்ல, அதில் எனக்கு விளங்கியது “நிவேதனா” என்ற ஒரு சொல் மட்டும். இங்கிருந்து நுவரெலியா போய்ச் சேரும்வரை அவள் உயிரோடு இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அப்படிப் போய்ச் சேர்ந்த மனிதன் விறாந்தையில் என்ன பேசுவான் என்று நினைக்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தில் ஸ்பிரிங் இருக்கிறது, புஷ் இருக்கிறது, யப்பான் புத்தகம் இருக்கிறது. “நான் இந்த இடத்தில் பிழைவிட்டேன்” என்று ஒரு வரி இல்லை. இருபது வருடம் பிழைவிட்டுப் படித்ததாக எழுதுகிறீர்கள், என் பிள்ளை விஷயத்தில் மட்டும் பிழை வரவில்லையாம். நான் வியாபாரி. என் பக்கம் தவறு நடந்தால் தவறு என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். உங்களுக்கு அது வாயில் வராது.

அந்த ஒரு வரியை எழுதி அனுப்புங்கள். அன்றைக்கே கார் வரும். அதுவரை திறப்பு ஆணியில் தொங்கும்.

இதை வாசித்துக் காட்டியபோது இராசமலர் சொன்னாள்: “அண்ணையும் நீங்களும் ஒரே நாளிலை செத்தாலும் ரெண்டு பாடையையும் ரெண்டு ரோட்டாலைதான் கொண்டு போகவேணும்.” அவளுக்குப் பகிடி. எனக்கு இல்லை.

முத்துக்குமாரு


இணுவில்
21.1.2024

மச்சானுக்கு,

பிழையைக் கண்டுபிடிக்காமல் பிழை என்று எழுதமாட்டேன். உமக்கு மனம் ஆறவேண்டும் என்பதற்காக நான் கையெழுத்து வைத்தால், அதே பிழை காருக்குள் அப்படியே இருக்கும். சித்திரையில் அவள் அதன்மேல் ஏறி இருப்பாள்.

நான் அவளோடு போனில் பேசினேன். ஒரு கேள்விதான் கேட்டேன். வேறு முடக்குகளில் கார் எப்படி? அவள் சொன்னாள்: “இடப்பக்கம் திரும்பேக்கை தண்டவாளத்திலை போறமாதிரி, மாமா. வலப்பக்கம் எண்டால் பின்பக்கம் தன்ரை எண்ணத்துக்குப் போகுது.” இதை ஏன் முந்தியே சொல்லவில்லை என்று ஏசினேன். “நீங்கள் கேக்கேல்லை. நான் என்ரை ஓட்டம் பிழையெண்டு நினைச்சன்” என்றாள். ஒன்பது மாதம் அந்தப் பிள்ளை தன்னையே பிழை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. நீர் என்னைப் பிழை என்றீர். நான் ஒருவரையும் கேட்கவில்லை.

ஒரு பக்கம் நன்றாகத் திரும்பி மறு பக்கம் வழுக்குகிற காரில், பாரம் நான்கு சில்லிலும் ஒழுங்காக இறங்கவில்லை. நான் நிறுத்த அன்று ஒழுங்காக இருந்தது. தாள் என்னிடம் இருக்கிறது. அப்படியானால் சில்லைப் பிடிக்கிற ஏதாவது ஒரு இரும்புக் கை வளைந்திருக்க வேண்டும், அல்லது ஒரு வளையம் இளகியிருக்க வேண்டும். கழற்றிப் பார்க்காமல் தெரியாது.

கார் வேண்டும். அன்று வைத்த அதே நான்கு தராசுகளும் வேண்டும். இரண்டு இங்கே புகையிலைக் கடையில் இருக்கின்றன. ஒன்றில் குருநகர் அடைக்கலநாதன் மீன் நிறுக்கிறான், அவன் தருகிறேன் என்றுவிட்டான். நான்காவது உம்முடையது. பச்சை வர்ணம் அடித்த மூட்டைத் தராசு. அன்றைக்கு அது நின்றது பின் இடது சில்லின் கீழ். அதே இடத்தில் அதையே வைத்து நிறுத்தால்தான் என்ன மாறியிருக்கிறது என்று காணலாம்.

திறப்பு ஆணியில் தொங்கினால் துருப்பிடிக்கும். உமது ஸ்ரோரில் எல்லாம் துருப்பிடிக்கும்.

சீவரத்தினம்


அச்சுவேலி
2.2.2024

மச்சானுக்கு,

இத்துடன் லொறியில் கார் வருகிறது. நான் அனுப்பவில்லை. இராசமலர் ஆணியிலிருந்து திறப்பை எடுத்து, லொறிக்காரனைத் தானே மறித்து, “உதை ஏத்து” என்றாள். “ஆரைக் கேட்டு?” என்றேன். “உங்கடை மகள் நேற்று போனிலை என்னட்டை அழுதவள். உங்களிட்டை அழமாட்டாள். அவ்வளவுதான் விசயம்” என்றாள். நான் சாக்குத்தான் எடுத்துவிட்டேன்.

ஒரு தராசும் ஏற்றியிருக்கிறேன். புதியது, கறண்டில் வேலைசெய்வது, இலக்கம் வெளிச்சமாகக் காட்டும். பச்சைத் தராசைவிட நூறு மடங்கு திறம். அதை வைத்து நிறுங்கள்.

காரின் வலப் பக்கக் கதவில் எலி ஏதோ செய்திருக்கிறது. அதற்கு நான் பொறுப்பில்லை.

முத்துக்குமாரு


இணுவில்
6.2.2024

மச்சானுக்கு,

கார் வந்தது. நான்கு பக்கமும் கழற்றினேன். கைகள் வளையவில்லை. புஷ் கிழியவில்லை. சொக் அப்சோபர் ஒன்றிலும் எண்ணெய் கசியவில்லை. வளையங்களின் பூட்டுகளில் நான் அன்று பூசிய சிவப்பு மை அப்படியே இருக்கிறது, ஒரு மயிரளவும் திரும்பவில்லை. மண்மேட்டில் அடித்த இடத்தில் தகரம்தான் நெளிந்தது. என் வேலை நான் விட்டபடியே இருக்கிறது என்பதை உமது தகவலுக்கு எழுதுகிறேன். அதனால் எனக்குச் சந்தோசம் இல்லை என்பதையும் எழுதுகிறேன். காரணம் இன்னும் அகப்படவில்லை.

உமது வெளிச்சத் தராசு நல்லது, திருப்பி அனுப்புகிறேன். எனக்குப் பச்சைத் தராசுதான் வேண்டும். அன்றைக்கு வைத்த நான்கில் மூன்று வந்துவிட்டன. தளம் சரிபார்க்க மேசன்மார் பிடிக்கிற தண்ணீர்க் குழாயால் நான்கு மூலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து கல் வைத்துவிட்டேன். ஒரு மூலை வெறுமையாக நிற்கிறது. ஒரு தராசை அனுப்புவதற்கு நீர் இவ்வளவு யோசிப்பது எனக்கு விளங்கவில்லை.

சீவரத்தினம்


அச்சுவேலி
10.2.2024

மச்சானுக்கு,

பச்சைத் தராசு இப்போது இல்லை. பழுதாகிவிட்டது, பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பையன்கள் கொடுத்திருப்பார்கள்.

மச்சான், நான் ஒன்று யோசித்தேன். எங்களுக்கும் வயது போகிறது. யார் பிழை என்று தோண்டி என்ன காணப்போகிறோம்? நான் கேட்ட அந்த ஒரு வரியும் வேண்டாம். கார் என்றால் ஒரு நாள் சுழலத்தான் செய்யும். மலை, மழை, பனிப்புகார். நீங்கள் புதிதாக நிறுத்து, புதிதாகச் சரிசெய்து கொடுங்கள். பழையதை விடுவோம்.

நீங்கள் பங்குனித் திங்கள் பொங்கலுக்கு வாருங்கள். இராசமலர் சந்தோசப்படுவாள்.

முத்துக்குமாரு


இணுவில்
18.2.2024

மச்சானுக்கு,

உமது கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முப்பத்தொரு வருடமாக உம்மைத் தெரியும். நீர் ஒரு சண்டையையும் இடையில் விட்டதில்லை. அதனால் இராசமலருக்குப் போன் எடுத்தேன். “இரும்புக்காரனோ? ஆர் சொன்னது? உள்ளை சாக்குக்குக் கீழை கிடக்கு, நான் ஓட்டோவிலை ஏத்தி விடுறன் அண்ணை” என்றாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தராசு வியாழக்கிழமை வந்தது. பின் இடது சில்லின் கீழ் வைத்தேன். நான்கும் சென்ற வருடத் தாளில் இருந்த அதே எண்களைக் காட்டின. எல்லாம் சரி. அப்படியானால் கார் சுழன்றிருக்கக் கூடாது. அரை நாள் அதன் முன்னால் கதிரை போட்டு இருந்தேன்.

பிறகு, சென்ற வருடம் செய்யாத ஒன்றைச் செய்தேன். உடைக்காத சீமெந்துப் பை ஒன்று வாங்கி, நான்கு தராசிலும் ஒவ்வொன்றாக வைத்தேன். புகையிலைக் கடைத் தராசு இரண்டும் ஐம்பது. அடைக்கலநாதனுடையது ஐம்பதுக்கு ஒரு கோடு மேலே. உம்முடையது நாற்பத்தாறு. இரண்டு பை வைத்தேன், தொண்ணூற்றிரண்டு.

தண்டில் தொங்கும் குண்டைக் கழற்றிப் புரட்டினேன். அடியில் பச்சை வர்ணம் மட்டும் புதிது. சுரண்டினேன். ஈயம். அளவாகத் துளைத்து, அளவாக வார்த்து, வர்ணம் அடித்து மூடியிருக்கிறது. வேலை நல்ல வேலை. குண்டு பாரமானால் மூட்டை குறைவாகக் காட்டும். வெங்காயம் கொண்டுவருகிறவனுக்கு ஐம்பது கிலோவில் நாலு கிலோ போகும்.

இப்போது காருக்கு நடந்ததைச் சொல்கிறேன். உமது தராசு பின் இடது சில்லில் இருபது கிலோ குறைவாகக் காட்டியது. நான் அதை நம்பி, அந்த மூலையின் வளையத்தைத் திருகித் திருகிப் பாரத்தை ஏற்றினேன். தாளில் ஒழுங்கு வந்தது, காரில் ஒழுங்கு போனது. வலப்பக்கம் திரும்பும்போது பின் இடது சில்லுத்தான் கூடச் சுமக்க வேண்டும். அதன்மேல் ஏற்கனவே மிஞ்சிய பாரம். இணுவில் ரோட்டில் இது தெரியாது, இங்கே வேகமாகத் திரும்ப இடம் எங்கே? ஈரமான மலை ரோட்டில் ரயர் கைவிட்டுவிடும். கைவிட்டது.

என் பிழை இது. நான்கு எண்களையும் கூட்டினால் அந்தக் காருக்கு இருக்க வேண்டிய பாரத்தில் இருபது கிலோ குறைந்தது. அன்றைக்கே கண்டேன். மேலதிகச் சில்லையும் கம்பளத்தையும் கழற்றியதால் குறைந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். புகையிலைக் கடைத் தராசை ஒரு இரும்புக் கட்டி வைத்துப் பார்த்தேன். அடைக்கலநாதனுடையதையும் பார்த்தேன். உம்முடையதைப் பார்க்கவில்லை. தங்கையின் புருசன் தந்த தராசைச் சோதித்தால் அது உம்மைக் களவன் என்று சொல்வதுபோல் ஆகும் என்று நினைத்தேன். நீர் கேட்ட ஒரு வரி இதுதான். எடுத்துக்கொள்ளும்.

இனி நீர் எழுதும்.

சீவரத்தினம்


அச்சுவேலி
22.2.2024

மச்சானுக்கு,

ஸ்ரோரை நான் எடுத்தபோது அந்தத் தராசும் அதனோடு வந்தது. அது குறைக்கும் என்று முதல் வெங்காயத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த போகம் மாற்றுவோம் என்று நினைத்தேன். அடுத்த போகமும் அப்படியே. பதினேழு வருடம். வாங்குவதற்கு அது, லொறிக்கு ஏற்ற மற்றது. பிறகு அதைப் பற்றி நினைப்பதே இல்லை. மழை வந்தால் கதவை இழுப்பதுபோல, வாங்க வந்தால் கை தானாகப் பச்சைத் தராசுக்குப் போகும்.

நீங்கள் தராசு கேட்ட அன்று நல்ல தராசில் லொறி ஏறிக்கொண்டிருந்தது. சும்மா நின்ற பச்சையைத் தந்தேன். மச்சான், நம்புங்கள், அந்த நேரம் அது பிழையான தராசு என்று எனக்கு நினைவு வரவில்லை. வந்திருந்தால் தந்திருப்பேனா? என் பிள்ளை இருக்கிற கார். விறாந்தையில் உங்களை ஏசியபோதும் நினைவு வரவில்லை. “பின் இடது சில்லின் கீழ் உம்முடையது” என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோதுதான் நினைவு வந்தது. அன்றிலிருந்து ஒழுங்கான நித்திரை இல்லை.

ஒன்று கேட்கிறேன். உங்களிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. நிவேதனாவுக்கு இது தெரிய வேண்டாம். அளவெடுப்பதுதான் அவள் தொழில். ஒரு அங்குலம் பிழைத்தால் முழுக் காணியையும் திரும்ப அளப்பவள். அவள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும், அது மாறினால் நான் எங்கே போய் நிற்பது? நீங்கள் பிழைவிட்டதாக அவளிடம் சொல்லுங்கள். வளையத்தைப் பிழையாகத் திருகிவிட்டேன் என்று சொன்னால் போதும். நீங்கள் ஒருநாளும் பிழையை ஒப்புக்கொள்ளாத மனிதர் என்பதால் உடனே நம்புவாள். உங்களை அவள் மன்னிப்பாள். என்னை மாட்டாள்.

அதற்குப் பதிலாக, அந்த எட்டுப் பேரையும் கூப்பிட்டு வைத்து நான் சொன்னதைத் திரும்ப எடுக்கிறேன். கோயிலில் வைத்துச் சொல் என்றாலும் சொல்கிறேன்.

முத்துக்குமாரு


இணுவில்
26.2.2024

மச்சானுக்கு,

நீர் அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று பத்து மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பல் விளக்கும்போதும் நினைக்கிறேன். நீர் விலையைச் சரியாகத்தான் அறிந்து வைத்திருக்கிறீர். ஆனால் அந்த விலைக்கு வேண்டாம்.

வளையத்தைப் பிழையாகத் திருகினேன் என்று சொல்லமாட்டேன். திருகியது சரி. அவள் இனியும் என்னிடம்தான் கார் கொண்டுவருவாள். கை பிழைத்தது என்று நான் ஒரு பொய் சொன்னால், ஒவ்வொரு முடக்கிலும் அவள் என் கையை நினைத்து அரை நொடி பயப்படுவாள். மலையில் அரை நொடி போதும். இது என் மானத்துக்காகச் சொல்வது என்று நீர் நினைப்பீர். அதுவும் கொஞ்சம் இருக்கிறது. மறைக்கவில்லை.

உம்மைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன். அது என் வேலை அல்ல.

சிவராத்திரிக்கு அவள் வருகிறாள், முதலில் காரைப் பார்க்க இங்கேதான் வருவாள். அவளிடம் ஒரு வசனம் சொல்வேன்: “சோதிச்சுப் பாக்காத ஒரு தராசை வைச்சு நிறுத்திட்டன், அது என்ரை பிழை.” அது முழு உண்மை. யாருடைய தராசு என்று அவள் கேட்பாள். கேட்காமல் விடுகிற பிள்ளையா அவள்? அதற்கு நான் பதில் சொல்லமாட்டேன். அச்சுவேலிப் பக்கம் கையைக் காட்டுவேன்.

மாசி வெங்காயம் கிண்டத் தொடங்கிவிட்டார்கள். இப்போதும் எதில் நிறுத்து வாங்குகிறீர்? என்னிடம் பச்சைத் தராசு நிற்கிற இந்த நாட்களில் உமது கை எங்கே போகிறது? அதையும் எழுதும்.

சீவரத்தினம்


அச்சுவேலி
12.3.2024

மச்சானுக்கு,

நீங்கள் கையைக் காட்டிய பக்கம் அவள் வந்தாள். பச்சைத் தராசையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஸ்ரோர் வாசலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

“அப்பா, இது சரியான தராசோ?”

“இல்லைப் பிள்ளை.”

“பிழையெண்டு தெரிஞ்சோ மாமாவிட்டைக் குடுத்தனீங்கள்?”

“குடுக்கேக்கை யோசிக்கேல்லை. பிழையெண்டு முதலே தெரியும்.”

“எத்தினை வருசமாய்?”

சொன்னேன். அவள் மனதுக்குள் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. “நான் அஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப் எடுத்த வருசம்” என்றாள். அவ்வளவுதான். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லம். அன்று சிவராத்திரி விரதம், அவள் சாப்பிடாததைக் கோபம் என்று எடுக்க முடியாது என்று இராசமலர் எனக்கு ஆறுதல் சொன்னாள். அடுத்த நாளும் சாப்பிடவில்லை. அதற்கு இராசமலரிடம் ஆறுதல் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு பேர் வெங்காயம் கொண்டுவந்து நின்றார்கள். நிவேதனா தராசடிக்கு வந்தாள். “நான் சொல்லவோ, நீங்கள் சொல்லிறியளோ?” என்றாள். நான் சொன்னேன். இவ்வளவு காலமும் இந்தத் தராசு மூட்டைக்கு நாலு கிலோ குறைத்தது, எனக்குத் தெரியும், இனி இது இல்லை என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரம் சொல்ல வேண்டி வந்தது.

பிறகு சந்தியோகு சிரித்தான். எங்கள் பக்கத்தில் கூட வெங்காயம் போடுகிறவன் அவன்தான்.

“முதலாளி, உது எங்களுக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீங்கள்? அதுதானே நாங்கள் மண் உதறாமல் கட்டிறனாங்கள்!”

“அப்ப ஏன் ஒருநாளும் கேக்கேல்லை?”

“கேட்டால் வேறை வழியாலை வெட்டுவியள். உது எங்களுக்குப் பழகின களவு.”

மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு உடம்பில் இருந்து ஒரு பாரம் இறங்கினமாதிரி இருந்தது. பிழை பார்த்தால் இரண்டு பக்கமும் என்று நினைத்தேன். அப்போதுதான் பிரதீபாவைக் கண்டேன். புருசன் இல்லாமல் தனியே தோட்டம் செய்கிறவள். அவளுடைய மூட்டையில் ஒருநாளும் மண் இருந்ததில்லை. வெங்காயம் ஒவ்வொன்றையும் துடைத்துக் கட்டுவாள். அவள் சிரிக்கவில்லை. இறக்கிய மூன்று மூட்டையையும் திரும்பத் தானே தூக்கி லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நிவேதனா அவளுக்குப் பின்னால் ரோட்டுவரை ஓடினாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

ஞாயிறு பின்னேரம் நிவேதனா புறப்பட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சித்திரையில் நான் நுவரெலியாவுக்கு வரவேண்டாம் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: வெளிச்சத் தராசில் வாங்குகிறேன். உங்கள் கேள்வி வருவதற்கு முந்திய கிழமை பாதியிலிருந்து. அதற்கு முந்திய பாதியில் கை எங்கே போனது என்று எழுதமாட்டேன்.

விறாந்தையில் சொன்னதைத் திரும்ப எடுக்கிறேன். இதற்குப் பதிலாக ஒன்றும் கேட்கவில்லை.

முத்துக்குமாரு


நுவரெலியா
21.4.2024

மச்சானுக்கு,

உமது கடிதத்துக்கு ஐந்து கிழமையாகப் பதில் எழுதவில்லை. கோபம் அல்ல. எழுத இருந்த ஒவ்வொரு நாளும் அந்தப் பிரதீபாவின் மூன்று மூட்டை வந்து முன்னால் நின்றது. ஊரில் எல்லோரும் உமது தராசுக்கு ஏற்றபடி மண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். உம்மை அப்படியே நம்பியது மூன்று பேர்தான். அவள் ஒருத்தி, நான் ஒருவன், மற்றது அந்தக் கார்.

பச்சைத் தராசின் இடத்துக்கு வேறொன்று இரவல் வாங்கினேன். நான்கு தராசும் நிவேதனாவின் கண் முன்னால் சீமெந்துப் பை வைத்துச் சோதிக்கப்பட்டன. அவளே இருக்கையில் இருக்க நிறுத்தேன். பின் இடது வளையத்தை இரண்டேகால் சுற்று இறக்கினேன். கேட்டால் ஒன்றும் இல்லை, இரண்டேகால் சுற்று.

இன்று ஓட்டம். விடியவே தூறல். நான் ஏழாவது முடக்கில் போய் நின்றேன். அங்கே நிற்கக் கூடாது என்று ஒரு பொடியன் சிங்களத்தில் சொன்னான், எனக்கு விளங்கவில்லை என்று நின்றேன். மேலே ஏறிவரும் சத்தம் கேட்டது. வலப்பக்கம் திரும்பினாள். பின்பக்கம் சற்று வெளியே போனது. என் வாயில் ஒரு சாமியின் பெயரும் வரவில்லை, “இரண்டேகால்” என்றுதான் வந்தது. பிறகு ரயர் ரோட்டைப் பிடித்தது. ஒரே கோட்டில் ஏறிப் போய்விட்டாள். எட்டுக் காரில் மூன்றாவது. முதலாவது வரவில்லையே என்று அவளுக்குத் துக்கம். எனக்கு இல்லை.

நீர் சொல்லைத் திரும்ப எடுத்ததை வாசித்தேன். கடிதத்தில் எடுத்தது போதாது. சொன்னது எட்டுப் பேருக்கு முன்னால், கடிதம் வாசித்தது நான் ஒருவன். மறந்துவிடுவேன் என்று இருக்காதேயும்.

ஓட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது உம்மைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்:

“மாமா, ஆனி வெங்காயத்துக்கு ரெண்டு கிழமை லீவு போட்டிருக்கிறன். அப்பாவுக்கு எழுதேக்கை சொல்லுங்கோ. தராசடியிலை நான்தான் நிப்பன்.”

“கொப்பரோடை கதைப்பியோ?”

“கிலோ எவ்வளவெண்டு சொல்லுவன். அது கதைதானே.”

இது மன்னிப்பா என்று என்னைக் கேட்டு எழுதாதேயும். எனக்குத் தெரியாது. அவள் வருகிறாள், அவ்வளவுதான். பிரதீபாவின் வீட்டுக்கும் தான் போவதாகச் சொன்னாள், அதற்கு முதல் நீர் போவது உமக்கு மரியாதை. சந்தியோகுவிடமும் மற்றவர்களிடமும் இப்போதே சொல்லிவையும். அவள் நிற்கிற இரண்டு கிழமையும் மண் உதறாத மூட்டை ஒன்றும் தராசில் ஏறாது.

சீவரத்தினம்